அறுக்காமல் வாங்கிய மீன்

பாலத்தடியில் மீன் விற்கும் அம்மாவிடம் அன்றைக்கு, அறுக்க வேண்டாம், முழுசாகவே கொடுங்கள் என்றேன். அவர் கத்தியை எடுத்த கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம்தான் வாங்குகிறேன். செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதை ஒரே இழுப்பில் வழித்துப் பின்னால் எறிவார். காக்கைகள் அதற்காகவே காத்திருக்கும். நான் துண்டுகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவேன். அன்று எனக்கு வேண்டியது அவர் எறிவதுதான்.

ஒன்றேகால் கிலோ கட்லா. குளத்தில் பிடித்து வந்தது, அலுமினிய அன்னக்கூடைத் தண்ணீரில் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு யாராவது வருகிறார்களா என்று அந்த அம்மா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பையில் வாங்கிக்கொண்டேன். சைக்கிளில் வரும்போது பை இரண்டு முறை துள்ளியது.

என் மகளுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் தஞ்சாவூரில் அவள் நெஞ்சில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள்.

பிறந்ததிலிருந்தே அவளுக்குச் சளி. மாதத்துக்கு ஒரு தடவை மூச்சு இழுக்கும். ஊருக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்கில் ஆவி பிடிக்க வைத்து, மருந்து கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு நாள் சரியாக இருக்கும். பால் குடிக்கும்போது அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். கொஞ்சம் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி குடிப்பாள். மார்கழி மாதத்தில்கூட அப்படித்தான். எனக்குக் குளிர் அடித்துக்கொண்டிருந்தது, குழந்தைக்கு வேர்க்கிறது. சூட்டு உடம்பு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முந்தானையால் துடைத்துவிடுவேன். விலங்கியலில் பட்டம் வாங்கியவள் நான். பால் குடிப்பதற்கே இவ்வளவு பாடுபடுகிறதே, ஏன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

கிளினிக்குக்குப் புதிதாக வந்த டாக்டர் ஒருவர்தான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு நீண்ட நேரம் எடுக்காமல் இருந்தார். உடனே தஞ்சாவூருக்குக் கொண்டு போகச் சொன்னார்.

தஞ்சாவூர் டாக்டர் ஒரு பழைய சீட்டைத் திருப்பிப் போட்டு இதயத்தை வரைந்தார். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. பிறகு கீழே இருந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டைப் பேனாவால் அடித்தார். எங்கள் குழந்தைக்குக் கீழே ஒரே அறைதான் இருக்கிறது, நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் அதில் கலந்துவிடுகிறது, நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் ரத்தம் போய் அடிக்கிறது, அதைத்தான் இத்தனை நாளும் சளி என்று நினைத்திருக்கிறோம் என்றார். இன்னொரு சுவர் கட்ட முடியாது. ஆனால் ஓர் ஆபரேஷன் உண்டு. உடம்பிலிருந்து திரும்பி வரும் கெட்ட ரத்தத்தை இதயத்துக்குள் விடாமலே நுரையீரலுக்குப் போகும் குழாயில் நேராக இணைத்துவிடுவார்கள். இருக்கிற ஓர் அறை உடம்பை மட்டும் பார்த்துக்கொள்ளும். சென்னையில் செய்வார்கள், அதற்கு முன்னால் ஒரு டியூப் விட்டுச் சோதிப்பார்கள் என்று சொல்லித் தேதி வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார்.

"நீ படிச்சதுதான இது? அவர் சொன்னது எனக்குப் பாதி புரியல. நீ சொல்லு."

அவர் பத்தாவதோடு நிறுத்தியவர். எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்ச நிலம், குத்தகைக்குக் கொஞ்சம். என் படிப்பைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை இருந்தது. என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியதே அவர்தான். நான் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். எனக்கும் பாதி புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

உண்மையில் நான் கல்லூரியில் எதையும் அறுத்துப் பார்த்ததில்லை. எங்களுக்கு முந்தைய செட்டு வரை தவளையும் மீனும் அறுத்தார்கள். எங்கள் காலத்தில் அது நின்றுபோய், கம்ப்யூட்டரில் படம் ஓடியது. ஒரு பட்டனைத் தட்டினால் மீனின் தோல் விலகும், இன்னொன்றைத் தட்டினால் குடல் விலகும். ரத்தம் கிடையாது, நாற்றம் கிடையாது. கரண்ட் போன அன்று அதுவும் கிடையாது. மீனின் ரத்த ஓட்டத்தைச் சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் வைத்து அழகாக வரைந்தேன். அதற்கு நல்ல மார்க்கும் கிடைத்தது. மீனின் இதயத்தில் கீழே ஒரே அறைதான் என்று அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். நான்கு நாளாக அந்த ஒரு வரிதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே அறையோடு மீன் நீந்துகிறது, முட்டையிடுகிறது, ஒரு குளம் நிறையப் பெருகுகிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் கணவரின் அக்கா புருஷனை இழந்து எங்களோடு இருந்தார். மகள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அன்று வெளியே வராதே, கத்தியைத் தொடாதே என்று அவர் சொன்னார். நான் சிரித்துவிட்டு, வாய்க்காலில் என் கணவர் பிடித்து வந்த மீனை எப்போதும்போல ஆய்ந்தேன். தஞ்சாவூரிலிருந்து வந்த அன்று அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது கொல்லைப்புறத்தில் எனக்குக் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதை நம்பவும் இல்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அரிவாள்மனையில் உட்காரும்போதெல்லாம் கை தயங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார். என் கணவர் வயலில் இருந்தார். நான் கொல்லையில், கிணற்றடிக் கல்லில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டை வைத்து அதில் மீனைப் போட்டேன். சாகட்டும் என்று காத்திருந்தேன். அது எளிதில் சாகவில்லை. செவுள் மூடி மெல்லத் திறந்து, அப்படியே நின்று, பிறகு மூடியது. என் மகள் தூங்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து எழுவதை நான் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். அதே மாதிரி இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அசைவு நின்றபின் புது பிளேடை எடுத்தேன். வாலுக்கு முன்னால் இருக்கும் துளையிலிருந்து வயிற்றின் நடுவாக மேல்நோக்கிக் கீறினேன். குழம்புக்கு ஆயும்போது ஆழமாக வெட்டிவிடுவோம். இங்கே ஆழம் போகக் கூடாது. தோல் மட்டும் பிரிய வேண்டும். நகம் வெட்டும் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். குடல் சுருள் சுருளாக இருந்தது. அதற்கு நடுவே ஈரல் அங்கங்கே படர்ந்திருந்தது. பச்சை நிறத்தில் பித்தப்பை. அது உடைந்தால் கறி கசக்கும் என்ற ஒரு விஷயம்தான் அதைப் பற்றி அதுவரை எனக்குத் தெரியும். முதுகை ஒட்டி வெள்ளையாகக் காற்றுப்பை. எல்லாம் எத்தனையோ முறை என் விரலில் பட்டவைதான்.

இதயம் வயிற்றில் இல்லை. இன்னும் மேலே, இரண்டு பக்கச் செவுளும் வந்து சேரும் இடத்துக்குக் கீழே, ஒரு மெல்லிய சவ்வுக்குப் பின்னால் தனியாக இருந்தது. சவ்வைக் கத்தரி நுனியால் கிழித்தேன். வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு, கருஞ்சிவப்பாக இருந்தது. அதன் முன்னால் வெள்ளையாகச் சின்னக் குமிழ் ஒன்று. பின்னால் தொளதொளவென்று மேலறை.

அது துடித்துக்கொண்டிருந்தது.

மீன் செத்து நேரமாகியிருந்தது. கண் மங்கிவிட்டது. ஆனால் அந்த வேர்க்கடலைப் பருப்பு மட்டும் சுருங்கி விரிந்தது. முதலில் தொளதொளவென்றிருந்த மேலறை சுருங்கும், உடனே கீழறை சிவந்து உப்பும், அது சுருங்கும்போது வெள்ளைக் குமிழ் விம்மும். ஒன்று, இரண்டு, மூன்று. நான் விரலை அதன் மேல் வைத்தேன். விரல் நுனியை அது தள்ளியது. எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

பிறகு அந்த வெள்ளைக் குமிழிலிருந்து குழாய் எங்கே போகிறது என்று பார்த்தேன். நேராகச் செவுளுக்குப் போனது. ஒவ்வொரு செவுள் வளைவுக்கும் ஒரு கிளை. அங்கே ரத்தம் சுத்தமாகி, அப்படியே முதுகுப் பக்கமாக உடம்புக்குப் போகிறது. நான் பென்சிலில் வரைந்த படமேதான். ஆனால் அப்போதுதான் அதன் வரிசை எனக்கு உறைத்தது. மீனில் இதயம் செவுளுக்கு முன்னால் நிற்கிறது. அது தள்ளுகிற முழு வேகத்தோடு ரத்தம் முதலில் செவுளுக்குள் போகிறது. என் மகளுக்குச் செய்யப் போவது அப்படி இல்லை. இதயம் உடம்புக்குத் தள்ளும். உடம்பெல்லாம் சுற்றி வேகம் அடங்கித் திரும்பும் ரத்தம், தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல், தானாகவே நுரையீரலுக்குள் நுழைய வேண்டும். மீனும் அவளும் ஒன்றில்லை.

அந்த நேரத்தில்தான் என் கணவர் கொல்லை வழியாக மண்வெட்டியோடு வந்தார். தட்டையும் பிளேடையும் என் கையையும் பார்த்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் இதயத்தைக் காட்டினேன். இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கும் கீழ ஒரே அறைதான்" என்றேன்.

அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்த நாலு நாளில் இல்லாத ஒன்று வந்தது. பிறகு ஆபரேஷனில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். நான் குழாய்களைச் சொன்னேன். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேலே எல்லோரும் பாய்ச்சி முடித்தபின் மிச்சத் தண்ணீர்தான் எங்களுக்கு வரும். வாய்க்கால் ஒரு சாண் மேடு தட்டினாலும் வராது. அதை வைத்து அவர் கேட்டார்.

"தள்ளுறதுக்கு ஆள் இல்லன்னா, அந்த ரத்தம் எப்படி உள்ள போவும்?"

டாக்டரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒரு நிமிடம் முன்னால் எனக்கு உறைத்ததும் அதுதான். அதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போவும்ங்க. மீனுக்குப் போவுதுல்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார். கோயிலிலிருந்து திரும்பிய நாத்தனார் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, குழம்பு வைக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னையே சற்று நேரம் பார்த்துவிட்டுக் குழந்தையை என்னிடம் தராமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நான் மீனை வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் என் கணவர் பார்த்தவரிடமெல்லாம் அதைச் சொன்னார். டீக்கடையில் சொன்னார், உரக்கடையில் சொன்னார். மீனுக்குக்கூட ஒண்ணுதானாம், அது என்ன செத்தா போச்சு என்று சொல்வார். என் வீட்டுக்காரி அறுத்தே காட்டினாள் என்பார். தெருவில் என்னைப் பார்த்த ஒருவர், நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் தெம்பாகிவிட்டார் என்றார். நான் ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர் பழையபடி சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

சென்னையில் தொடை வழியாக டியூப் விட்டுச் சோதித்தார்கள். மறுநாள் காலை எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த டாக்டர் வயதில் சின்னவர், நிதானமாகப் பேசினார். பிறந்த சில மாதங்களிலேயே வந்திருந்தால் நுரையீரலுக்குப் போகும் குழாயை இறுக்கிக் கட்டி அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இரண்டு வருடமாக ரத்தம் வேகமாகப் போய் அடித்து அடித்து நுரையீரலின் குழாய்கள் தடித்துவிட்டன. உள்ளே அழுத்தம் மிக அதிகமாக இருக்கிறது. இனி அந்த ஆபரேஷன் செய்ய முடியாது.

என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"தள்ள ஆள் இல்லாம ரத்தம் உள்ள போவாது. அதனாலயா சார்?"

டாக்டர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆமாங்க. சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

என் கணவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

பகல் ரயிலில் திரும்பினோம். மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குழந்தை எதிர் சீட்டுக்காரர்களோடு விளையாடிக்கொண்டு வந்தது. விழுப்புரம் தாண்டியதும் அவர் கேட்டார்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவர் கத்தவில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "ஊரெல்லாம் சொன்னேனே."

மயிலாடுதுறையில் இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார். குழந்தைக்குக் கொடுத்தார். எனக்கு நீட்டவில்லை, சீட்டில் வைத்தார். அந்த மாதிரியே வருடங்கள் போயின. வேண்டியதைப் பேசுவார், வேண்டியதைச் செய்வார். மாத்திரை தீருவதற்கு இரண்டு நாள் முன்பே கும்பகோணம் போய் வாங்கி வந்துவிடுவார். ஆனால் என்னிடம் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எதையுமே. உர மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட வேறு யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொன்னார். கூடத்தில் மாட்டியிருந்த சான்றிதழை நானே கழற்றி பீரோவுக்குள் வைத்தேன். அவர் அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

என் மகள் ஏழரை வயது வரை இருந்தாள். அவளை அத்தனை நாள் இருக்க வைத்ததில் பாதி என் நாத்தனார். பள்ளிக்கூடம் அரைக் கிலோமீட்டர். நடந்தால் உதடு கறுத்துவிடும். தினமும் அவர்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூட வேப்பமரம் வந்ததும், மற்ற பிள்ளைகள் பார்ப்பார்கள், இறக்கி விடு அத்தை என்பாள். அங்கிருந்து நடந்து போய் உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சு வாங்குவாள். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடியும், ஆனால் தப்பு வராது. கிரகணத்தைப் பற்றி நாத்தனார் பிறகு ஒருநாளும் பேசவில்லை. நானும் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், உன்னை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பரவாயில்லை அக்கா என்றேன்.

அவளுக்கு ஏழரை வயதான ஐப்பசியில் விடாத மழை. மகளுக்குக் காய்ச்சல் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலை ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கித் தண்ணீர் கேட்டாள். ஒரு வாய் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். பச்சைப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, ஆற்றோரம் புதைத்தார்கள். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள். என் கணவர் அதை வாளியால் இறைத்தாராம்.

தை மாதம் சம்பா முற்றி, அறுவடை இயந்திரம் வருவதற்காக இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். காலை பத்து மணி இருக்கும். இயந்திரம் பக்கத்து ஊரில் சேற்றில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பாப்பாவுக்கு ரத்தம் எப்படி ஓடியது என்று இன்னொரு தடவை சொல் என்றார். சரியாகச் சொல் என்றார்.

ஐந்தரை வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்டது அது. நான் முதலிலிருந்து சொன்னேன். மேலறை, கீழறை, எங்கே கலந்தது, எங்கே அழுத்தம் ஏறியது, கடைசி வருடத்தில் ஏன் விரல் நுனியெல்லாம் நீலமாயிற்று என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றேன். அவர் ஒரு நெற்கதிரை உருவிக் கையில் வைத்து உமியைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"கடைசில அவளுக்கு வலிச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூச்சு முட்டியிருக்கும்" என்றேன். "வலிச்சுதான்னு தெரியலங்க. எனக்குத் தெரியல."

அவர் தலையாட்டினார். மதியம் ஆனபோது அவர் தன் தூக்குவாளியைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினார். அன்று இயந்திரம் வரவே இல்லை.